பின்னால் திறந்த மெயிலும் ஒரு ராத்திரி நின்ற லாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 54. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் போடுவது, தூத்துக்குடியில் எங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டுக்கு அனுப்புவது, சரக்கு வாங்கும் பையருக்கு நகல் அனுப்புவது, இதுதான் 16 வருடமாக என் வேலை. உங்கள் நாளிதழில் வாராவாரம் வரும் கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். புதுப் போன், செயற்கை நுண்ணறிவு, ஆன்லைன் மோசடி என்று எழுதுகிறீர்கள். எல்லாமே வேண்டியதுதான். ஆனால் என்னைப் போலக் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஸ்கிரீனைப் பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற ஒரு தொல்லையைப் பற்றி அதில் ஒரு வரிகூட வந்ததில்லை. மெயில் விண்டோ, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் விண்டோவுக்குப் பின்னால் போய்த் திறந்துகொள்வதைச் சொல்கிறேன்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். எங்களுக்கு அது லாரிக்கு ஒரு ராத்திரி வெயிட்டிங் சார்ஜாக வந்து நின்றது. எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் இன்வாய்ஸ் போட்டு முடித்ததும் மேலே 'மெயில்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் புரோகிராம் தானாகத் திறந்து, இன்வாய்ஸ் ஃபைல் அதில் ஒட்டிக்கொண்டு வரும். நாம் முகவரியைப் பார்த்து, இரண்டு வரி எழுதி, அனுப்ப வேண்டியதுதான். அன்றைக்குச் சரக்கு ஏறிய லாரி மதியமே கிளம்பிவிட்டது. பேப்பர் போனால்தான் ஏஜென்ட் சுங்கத்துறைக்கு ஷிப்பிங் பில் போட முடியும். மணி நாலே கால். பட்டனைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மவுஸ் நுனியில் நீல வட்டம் சுற்றியது. காலையில் கரண்ட் போய் வந்ததில் மெயில் புரோகிராமை நான் திறக்காமலே விட்டிருந்தேன், அது எழுந்து வரவே நேரம் ஆகும். பொறுக்காமல் பில்லிங் ஸ்கிரீன் மேலேயே இரண்டு முறை கிளிக் செய்தேன். அந்தக் கிளிக்குகளில்தான் விஷயமே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் பால் ஊற்றியது போல வெளுத்தது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது.

ஹேங் ஆகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பில்லிங்கை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி பட்டன், மறுபடி வெளுத்த ஸ்கிரீன். இந்த முறை பவர் பட்டனையே அழுத்திப் பிடித்து அணைத்தேன். எங்கள் சிஸ்டம் பழசு, எழுந்து வர எட்டு நிமிடம் ஆகும். மூன்றாவது தடவையும் அதே கதை. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி, 'மேடம், ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டர்னு இருக்குமே, அதுல ஓபன் பண்ணுங்க' என்றார். செய்தேன். மெயிலே வராமல், மெயில் புரோகிராம் இல்லை என்பது போல ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. 'அப்போ விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு மேடம், ஃபார்மட் அடிக்கணும்' என்றார். பக்கத்தில் யாரிடமோ, 'வயசானவங்க, பட்டனைத் தட்டிக்கிட்டே இருப்பாங்கடா' என்று சொன்னதும் போனில் தெளிவாகக் கேட்டது. மேலே சொன்னேனே இன்னொன்று என்று, அது இதுதான்.

பில்லிங்கைப் பழையபடியே திறந்து இன்னொரு முறை பட்டனைத் தட்டினேன், மறுபடி வெளுத்துதான் நின்றது. ஏழு மணிக்கு மேல் என் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். வங்கியில் வேலை பார்க்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறான். ஸ்கிரீனில் இருப்பதை அது குரலில் படித்துச் சொல்லும். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

'அத்தை, ஆல்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டேப் கீயை ஒரு தட்டு தட்டுங்க. எத்தனை கட்டம் வருது?'

மூன்று கட்டம் வந்தது. ஒன்று வெளுத்துப்போன பில்லிங். ஒன்று எக்ஸெல். மூன்றாவதில் ஏஜென்டின் முகவரியோடு, இன்வாய்ஸ் ஒட்டியபடி, நான் எழுத வேண்டிய இரண்டு வரிக்காகக் காத்துக்கொண்டு மெயில் நின்றது. பில்லிங் விண்டோ ஸ்கிரீன் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றதில் பின்னால் இருந்தது தெரியவில்லை. அனுப்பினேன். அனுப்பிய மறு நொடி பில்லிங் ஸ்கிரீன் பழைய நிறத்துக்கு வந்தது. அதற்குள் ஏஜென்ட் ஆபீஸ் பூட்டிவிட்டார்கள். லாரி ராத்திரி முழுக்கத் தூத்துக்குடியில் வெளியே நின்றது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானே ஆபீஸில் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் காலத்து விண்டோஸ் 95-ல் எந்தப் புரோகிராமும் நினைத்த நேரத்தில் முன்னால் குதிக்கலாம். நீங்கள் ஒரு இடத்தில் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருப்பீர்கள், நடுவில் வேறொன்று முன்னால் வந்து நிற்கும், மிச்ச எழுத்துகள் அதில் போய் விழும். இதைத் தடுக்கத்தான் விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். நீங்கள் ஒரு விண்டோவில் கையை வைத்து வேலை செய்துகொண்டிருந்தால், பின்னால் இருக்கும் புரோகிராம் தானாக முன்னால் வர முடியாது. கடைசியாக நீங்கள் கீபோர்டையோ மவுஸையோ தொட்டதிலிருந்து இவ்வளவு நேரம் வரை அந்தத் தடை என்று ஒரு கணக்கே இருக்கிறது. விண்டோஸில் அது 2,00,000 மில்லி விநாடி என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது 200 விநாடி, மூன்று நிமிடம் இருபது விநாடி. முன்னால் வர முடியாத புரோகிராம் கீழே டாஸ்க்பாரில் தன் ஐகானை மட்டும் மின்னவிடும். 'நான் வந்துட்டேன், என்னைக் கவனி' என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரி, எங்கள் ஆபீஸில் மற்ற நாளெல்லாம் மெயில் ஒழுங்காக முன்னால்தானே வந்தது? வந்தது. நாம் கையில் வைத்திருக்கும் புரோகிராம் இன்னொன்றைத் திறந்தால், அது முன்னால் வருவதற்கு அனுமதி உண்டு. ஆனால் அது எழுந்து வருவதற்குள் நாம் வேறு எங்காவது கிளிக் செய்துவிட்டால், நமக்கு அங்கேதான் வேலை இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. நான் பொறுக்காமல் செய்த இரண்டு கிளிக்கைத்தான் சொல்கிறேன். அதோடு, மெயிலைத் திறந்துவிட்ட பில்லிங் சாஃப்ட்வேர், அந்த மெயில் விண்டோ மூடப்படும் வரை வேறு எதற்கும் அசையாமல் காத்திருக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு புரோகிராம் ஐந்து விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை வெளுக்கவைத்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். ஆக, பில்லிங் மெயிலுக்காகக் காத்திருக்கிறது, மெயில் எனக்காகக் காத்திருக்கிறது, நான் பில்லிங்குக்காகக் காத்திருக்கிறேன். சிஸ்டத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஃபார்மட் அடித்திருந்தால் பத்து வருடத்துப் பைல்களைக் காப்பி எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, நாலு நாள் வேலை கெட்டுப்போய், ஐந்தாம் நாள் மறுபடி இதேதான் நடந்திருக்கும்.

டாஸ்க்பார் மின்னியிருக்குமே, நான் ஏன் பார்க்கவில்லை? திங்கட்கிழமை போய் உட்கார்ந்ததும் அதைத்தான் தேடினேன். என் மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஏஜென்ட் நம்பர், லாரி ஆபீஸ் நம்பர், கொரியர் நம்பர் என்று துண்டுச்சீட்டுகளை செலோ டேப் போட்டு வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். டேப் பழசாகி மஞ்சளடித்து, சீட்டுகள் மேலே சுருண்டு, ஸ்கிரீனின் கடைசி அரை அங்குலத்தை மறைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன். பிறகு வேண்டுமென்றே அதே மாதிரி செய்து பார்த்தேன். மெயில் புரோகிராமை மூடிவிட்டு, பட்டனைத் தட்டி, உடனே பில்லிங்கில் கிளிக். கீழே மெயில் ஐகான் ஆரஞ்சு நிறத்தில் மின்னி மின்னி, பிறகு மின்னுவதை நிறுத்தி ஆரஞ்சாகவே நின்றது. அன்றைக்கும் சாயங்காலம் முழுக்க அது அப்படித்தான் நின்றிருக்கும். எங்கள் ஆபீஸில் உள்ள மற்ற ஐந்து மானிட்டர்களையும் போய்ப் பார்த்தேன். மூன்றில் இதே மாதிரி சீட்டு.

இதை எழுதுவதற்கு முக்கியமான காரணம், இப்படி மாட்டிக்கொள்ளும் மற்றவர்களுக்கு உதவும் என்பதுதான். ஸ்கிரீன் நின்றுவிட்டால் பவர் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் டாஸ்க்பாரைப் பாருங்கள். அப்புறம் ஆல்ட்டும் டேப்பும். இரண்டும் பத்து விநாடி வேலை. ஏதாவது ஒரு புரோகிராமைக் கிளிக் செய்தால் 'டிங்' என்று சத்தம் மட்டும் வந்து வேறு எதுவும் நடக்கவில்லை என்றால், அதற்குச் சொந்தமான ஏதோ ஒரு பெட்டி எங்கேயோ பதிலுக்காகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் வந்தவுடன் மெயில் புரோகிராமைத் திறந்து வைத்துவிடுங்கள். எனக்கு இந்த ஒரு பழக்கத்திலேயே தொல்லை பெரும்பாலும் நின்றுவிட்டது. பட்டனைத் தட்டிய பிறகு கையை எடுத்துவிட வேண்டும், மெயில் வரும் வரை எதையும் தொடக்கூடாது.

ஆல்ட், டேப்பில் கட்டம் வருகிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்கிரீனில் எதுவும் காணோம் என்றால் அது வேறு கேஸ். எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. அவருக்கு ஆபீஸில் லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரும் உண்டு. மானிட்டரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால், மெயில் சில சமயம் பழைய இடத்திலேயே, இல்லாத மானிட்டரில் போய்த் திறந்துகொள்கிறது. அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விண்டோஸ் கீ, ஷிஃப்ட் கீ இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால் சில சமயம் இந்தப் பக்கம் வந்துவிடும். அதற்கும் வராவிட்டால், ஆல்ட்டோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி, பிறகு எம் எழுத்தைத் தட்டி, ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு முறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்றே முடிவு செய்தேன்.

மெயிலுக்கு மைக்ரோசாஃப்ட்டின் பழைய (கிளாசிக்) அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம். மீட்டிங் நினைவூட்டல் பெட்டி பின்னால் ஒளிந்துகொண்டால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ரிமைண்டர்ஸ் பகுதியில், நினைவூட்டலை மற்ற விண்டோக்களுக்கு மேலே காட்டு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். பதில் எழுதும் விண்டோ தொலைந்து போகிறது என்றால், அதே ஆப்ஷன்ஸில் மெயில் பகுதியில், பதில்களைப் புது விண்டோவில் திற என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பதில் அதே விண்டோவுக்குள்ளேயே திறக்கும், ஒளிய இடமே இல்லை. இது எதற்கும் சரியாகவில்லை என்றால், கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டே அவுட்லுக் ஐகானைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அந்த மோடில் ஆட்-இன் என்னும் கூடுதல் இணைப்புகள் ஏறாது. அதில் ஒழுங்காக வேலை செய்தால், நடுவில் ஏற்றிய ஏதோ ஒரு ஆட்-இன்தான் தொல்லை கொடுக்கிறது.

விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் அந்த 2,00,000 என்ற எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய. என்னிடமும் ஒருவர் சொன்னார். நான் மாற்றவில்லை, மற்றவர்களையும் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாள் முழுக்கத் தொகையும் அக்கவுண்ட் நம்பரும் அடிக்கிற எங்களுக்கு, நடுவில் இன்னொரு விண்டோ குதித்து, பாதி எண் இங்கேயும் பாதி எண் அங்கேயும் விழுவது, ஒளிந்திருக்கும் மெயிலைவிடப் பெரிய ஆபத்து. தடை நல்லதுக்குத்தான் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒன்று தொடப்போய் வேறொன்றைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கும்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கச் சொன்னதையும் விடக்கூடாது, ஏனென்றால் இந்த யோசனையை எல்லோருமே சொல்கிறார்கள். பில்லிங்கை மட்டும் அப்படி உயர்ந்த அனுமதியோடு திறந்து, மெயிலைச் சாதாரணமாகத் திறந்தால், இரண்டுக்கும் நடுவில் விண்டோஸ் ஒரு சுவர் எழுப்பிவிடுகிறது. பட்டனைத் தட்டினாலும் மெயிலுக்குச் செய்தி போய்ச் சேராது. எனக்கு வந்த அந்த ஆங்கிலச் செய்திக்குக் காரணம் அதுதான்.

மெயில் மட்டும்தான் இப்படி ஒளிகிறது என்றில்லை. என் தங்கை கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் பின் நம்பர் கேட்கும் பெட்டி பிரவுசருக்குப் பின்னால் திறந்துகொள்ளும் என்கிறாள். கடைசித் தேதி அன்றைக்கு, சைட் ஸ்லோ என்று நினைத்து ஆபீஸே உட்கார்ந்திருக்கும், பெட்டி பின்னால் காத்திருக்கும்.

அண்ணன் மகன் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். ஸ்கிரீன் ரீடர் முன்னால் இருக்கும் விண்டோவைத்தான் படித்துச் சொல்லும். பின்னால் ஒன்று திறந்தால், டாஸ்க்பாரில் ஆரஞ்சு நிறம் மின்னினால், அவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 'எனக்கு எதுவும் சத்தமில்லாம நின்னுட்டா, உடனே ஆல்ட் டேப்தான் அத்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே கத்துக்கிட்டேன். இல்லைன்னா அங்க உட்கார முடியாது' என்றான். நான் ஒரு நாள் பட்ட அவதியை அவன் ஒவ்வொரு நாளும் பட்டுத்தான் வேலை பார்க்கிறான். இதைக் கேட்ட பிறகு, இது பயனாளி பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்வது பெரிய வேலையும் இல்லை. முன்னால் இருக்கும் புரோகிராம், தான் கூப்பிடும் மெயில் புரோகிராமுக்கு 'நீ முன்னால் வரலாம்' என்று அனுமதியைக் கைமாற்றிக் கொடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. அதன் பெயரே 'அலவ் செட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ'. அதையும் செய்ய முடியாவிட்டால், பட்டனைத் தட்டியதும் 'மெயில் விண்டோ திறந்திருக்கிறது. இங்கே தெரியாவிட்டால் கீழே டாஸ்க்பாரில் பாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி காட்டட்டும். திருப்பூரிலும் கரூரிலும் சிவகாசியிலும் பில் போடுபவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலச் செய்தியைப் பார்த்ததும் 'ஓகே' தட்டி மூடிவிடுபவர்கள்தான். அவர்களுக்கு விற்கும் சாஃப்ட்வேரில் அவர்கள் மொழியில் ஒரு வரி இருக்கக்கூடாதா?

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எக்ஸெல்லும் டாலியும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். முதல் நாளே பிள்ளைகளை நாலு விண்டோவைத் திறக்கவைத்து, ஒன்றை ஒளித்து வைத்து, ஆல்ட் டேப்பில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆபீஸுக்குப் போன மாதம் சேர்ந்த பி.காம். படித்த பெண் அதை அறிந்திருக்கவில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் நாளே ஸ்கிரீன் நின்றதும் கை நடுங்கி, 'அக்கா, நான் எதையும் பண்ணலைங்க்கா' என்று அழப்போனாள். எழுந்து போய் அவளோடு உட்கார்ந்து அந்த இரண்டு கீயையும் காட்டினேன். பேங்க் மெயில் பின்னால் இருந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இதையெல்லாம் விவரமாக எழுதி மெயில் அனுப்பியிருக்கிறேன். போனில் பேசிய தம்பி சொன்ன வார்த்தையையும் மரியாதையாகவே அதில் குறிப்பிட்டிருக்கிறேன். வேறொருவர் பேசினார், வருத்தம் தெரிவித்தார், அடுத்த வெர்ஷனில் மாற்றித் தருகிறோம் என்றிருக்கிறார். வெர்ஷன் வந்ததும், மெயில் முன்னால் வருகிறதா என்று பார்த்துவிட்டு உங்களுக்கு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி,
திருப்பூர்.